பின்பனித் தேநீர்க் கூடல்: தெருவில் பத்திருபது பேர் சேர்ந்து தேயிலை ருசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறோம். ஆனால் அந்த மலையின் நல்ல தேயிலை எப்படி இருக்கும் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. பால், சர்க்கரை, இஞ்சி, ஏலக்காய் எல்லாம் சேர்ந்த டீயைத்தான் காலம் முழுக்கக் குடித்திருக்கிறோம். அந்த டீயில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, தினமும் இரண்டு வேளை அதைத்தான் குடிக்கிறேன். ஆனாலும் வருடத்தில் ஒரு காலைப் பொழுதாவது பாலை ஒதுக்கி வைத்துவிட்டு, தெருக்காரர்களோடு உட்கார்ந்து இலையை மட்டும் ருசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கோவையில் எங்கள் தெருவில் மூன்று வருடமாக மாசி மாதத்தில் இதைச் செய்கிறோம். அதில் கற்றுக்கொண்டதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் மாசி, பங்குனி?

நம் ஆறு பருவங்களில் மாசியும் பங்குனியும் பின்பனி. தேயிலைக்கு இந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, குந்தா பக்கம் இரவுக் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். செடி மெல்லத்தான் துளிர்விடும். அப்படி நிதானமாக வளர்ந்த கொழுந்தில் மணம் அடர்ந்து நிற்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறித்துச் செய்யும் இந்தத் தேயிலையைத்தான் ‘ஃப்ராஸ்ட் டீ’ என்று விற்கிறார்கள். பெயரைப் பார்த்து, உறைபனி விழுந்த இலை என்று நினைத்துவிட வேண்டாம். உறைபனி நேராக விழுந்த இலை கருகிவிடும். இது பனியை ஒட்டிய குளிரில் பிழைத்து வளர்ந்த கொழுந்து. அது பையில் அடைபட்டு நம் கைக்கு வரும் நேரம்தான் மாசி.

இலங்கையில் நுவரெலியா, திம்புள்ள பக்கத் தோட்டங்களுக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட குளிர்காற்றுதான் நல்ல காலம். டார்ஜிலிங் செடிகள் குளிர்காலம் முழுக்க உறங்கிவிட்டு பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ விழிக்கும். அந்த முதல் பறிப்புக்குத்தான் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ என்று பெயர். சீனாவில் ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கிரீன் டீக்குத் தனி மரியாதை உண்டு.

நாளும் இடமும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பங்குனி வெயில் ஒன்பதரைக்கே சுள்ளென்று ஏறிவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும். மாலையில் வைத்தால் வயதானவர்களுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். வெறும் வயிற்றில் டீ குடித்தால் சிலருக்குக் குமட்டும், அதனால் ஆறு மணிக்கே இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி நல்ல இடம். நிறத்தைப் பார்க்க இயற்கை வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர் வெயில் கூடாது. தொழில்முறையாகத் தேயிலை ருசிப்பவர்களின் அறையில் ஜன்னல் வடக்கு பார்த்து இருப்பது இதற்காகத்தான். மாடியில் ஷாமியானா கட்டினால் வெள்ளைத் துணியாகப் பார்த்துக் கட்டுங்கள். முதல் வருடம் நாங்கள் சிவப்புத் துணி கட்டிவிட்டோம், எல்லாக் கோப்பையும் ஒரே நிறமாகத் தெரிந்தது.

வாசனை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். ஊதுபத்தி, கொசுவத்தி, சென்ட் கூடாது. பக்கத்தில் சமையல் தாளிப்பு நடக்கக் கூடாது. வெற்றிலை போடுகிறவர்கள் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். மல்லிகைப்பூவைப் பற்றித்தான் சொல்லத் தயங்குவோம். இரண்டு நாள் முன்பே அழைப்பிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ‘பூ வேண்டாம், டீ முடிந்ததும் நாங்களே தருகிறோம்’ என்று எழுதி, கடைசியில் ஆளுக்கு ஒரு முழம் கொடுத்தும் விட்டோம்.

ஆட்கள் 24 பேருக்கு மேல் வேண்டாம். ஆறு பேருக்கு ஒரு மேசை, நான்கு மேசை. ஒவ்வொரு மேசைக்கும் டீ ஊற்ற ஒருவர். அந்த நான்கு பேரும் முந்தைய நாள் ஒத்திகைக்கு வந்தே ஆக வேண்டும்.

என்னென்ன தேயிலை?

ஐந்து போதும். ஆறாவது கோப்பையிலேயே நாக்கு சோர்ந்துவிடும். எங்கள் வரிசை இது: நீலகிரி கிரீன் டீ, டார்ஜிலிங், நீலகிரி குளிர்கால ஆர்த்தடாக்ஸ், நுவரெலியா, கடைசியாக நாம் தினமும் குடிக்கும் சி.டி.சி. தூள். லேசானதில் தொடங்கி அழுத்தமானதில் முடிக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பின்னால் வரும் மெல்லிய தேயிலை வெந்நீர் மாதிரிதான் தெரியும்.

ஆர்த்தடாக்ஸ் என்பது இலையை வாடவைத்து, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, காயவைப்பது. இலை முழுதாகவோ பெரிய துண்டாகவோ இருக்கும். சி.டி.சி. என்பது பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுவது. 1930-களில் அசாமில் வந்த முறை. குருணை குருணையாக இருக்கும், சாயம் சட்டென்று இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். எந்த முறையானாலும் ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரை கிலோ அளவில் பச்சை இலை வேண்டும். இதை மேசையில் சொல்லுங்கள். கையில் இருக்கும் 25 கிராம் பொட்டலத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

வாங்கும்போது பொட்டலத்தில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். மாசியில் ஒருவர் ‘இந்த வருட டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ என்று விற்றால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது போன வருடத்ததாகத்தான் இருக்கும். புதியது நம் ஊருக்கு வந்து சேர பங்குனி கடைசி ஆகும். மாசியில் கூடும்போது போன வருட டார்ஜிலிங் வேண்டாம் என்று தோன்றினால், அதற்குப் பதிலாக நீலகிரியிலேயே இரண்டு தோட்டத்துத் தேயிலை வையுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் ஃபேக்டரி கடையில் வாங்கிவரச் சொல்லலாம்.

நான்காவது கோப்பையையும் ஐந்தாவது கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு ருசியைத் தாண்டி ஒரு காரணம் உண்டு. நான்காவது இலங்கை மலையில் வளர்ந்தது. ஐந்தாவதான எங்கள் சி.டி.சி. தூள், தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயுடையது. இலங்கையின் கண்டி மலையில் 1867-இல் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதற்கு முன்பே, காப்பித் தோட்ட காலத்திலிருந்தே, அந்த மலைக்கு நம் மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் நடந்தும் கப்பலேறியும் போனார்கள். காப்பியை இலைநோய் அழித்த பிறகு தேயிலையைப் பரப்பியது அவர்கள் கைதான். 1964-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அப்படிப் போன தமிழர் வம்சாவளியில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் நீலகிரியில் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் டேன்டீ. ஒரே கைகள் இரண்டு மலையில் வளர்த்த இரண்டு இலை. இதை மேசையில் யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும், அதற்கு மேல் பேச வேண்டாம்.

தண்ணீர்

இதில் சறுக்கினால் மற்றதெல்லாம் வீண். முதல் வருடம் போர் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் கோப்பையின் மேல் எண்ணெய் படிந்தது போல ஒரு ஆடை. அசைத்தால் தட்டுத் தட்டாக உடைந்தது. நிறமும் கலங்கல். தேயிலைதான் மட்டம் என்று நினைத்து மனம் விட்டுப்போனேன். அடுத்த நாள் அதே தேயிலையைச் சிறுவாணித் தண்ணீரில் போட்டபோதுதான் புரிந்தது. உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து கட்டிய ஆடை அது.

மென்மையான தண்ணீர் வேண்டும். சிறுவாணி, பில்லூர் தண்ணீர் வரும் தெருவில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை கொதித்ததும் இறக்கிவிடுங்கள். கொதித்துக்கொண்டே கிடந்த தண்ணீரும், திரும்பத் திரும்பச் சுடவைத்த தண்ணீரும் வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கடையில் குடித்துப் பார்த்துப் பிடித்து வாங்கிவந்த தேயிலை வீட்டில் கொஞ்சம் கூடுதலாகத் துவர்ப்பதற்கு இது ஒரு காரணம். அப்படி நேர்ந்தால் ஊறும் நேரத்தில் அரை நிமிடம் குறையுங்கள்.

24 பேருக்கு ஐந்து தேயிலை என்றால் குடிக்க நாலரை லிட்டர், பாத்திரத்தைச் சூடாக்கிக் கொட்ட இரண்டரை லிட்டர். ஏழு லிட்டர் எடுத்துவையுங்கள்.

பாத்திரமும் அளவும்

வெள்ளைப் பீங்கான்தான் வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது. இதற்கென்று செட் வாங்க வேண்டாம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கோப்பை கொண்டுவரட்டும். ஊறவைக்க மேசைக்கு ஒரு பீங்கான் ஜாடியோ மூடி போட்ட கிண்ணமோ போதும், மூடி இல்லையென்றால் தட்டைக் கவிழ்த்து மூடலாம். கூடவே வடிகட்டி, 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, நேரம் பார்க்க ஒரு ஃபோன். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. ஒரு ஸ்பூன் தூளும் ஒரு ஸ்பூன் முழு இலையும் எடையில் எங்கோ இருக்கும்.

தேயிலை ருசிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஓர் உலகத் தரம் இருக்கிறது. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம், கொதிக்கக் கொதிக்க ஊற்றி 6 நிமிடம். அது தேயிலையின் குறை குற்றத்தை வெளியே இழுத்துப்போடும் கணக்கு, ரசித்துக் குடிக்கும் கணக்கு இல்லை. நாம் 2 கிராம் என்ற அளவை மட்டும் எடுத்துக்கொண்டு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தேயிலைக்கும் ஆறு பேர் மேசைக்கு 225 மி.லி. தண்ணீர், 4.5 கிராம் இலை. இலை கொஞ்சம் குடித்துக்கொண்டது போக, ஆளுக்கு 30 மி.லி. வரும். நான்கு மேசைக்கு 18 கிராம். 25 கிராம் பொட்டலம் வாங்கினால் ஒத்திகைக்கும் மிச்சம் இருக்கும்.

டார்ஜிலிங்குக்கு 3 நிமிடம், நீலகிரிக்கும் நுவரெலியாவுக்கும் 4, சி.டி.சி.க்கு 3. கிரீன் டீக்குக் கொதிநீர் கூடாது, 80 டிகிரியில் 2 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த தண்ணீரை இரண்டு சொம்பில் மாற்றி மாற்றி மூன்று தடவை ஆற்றி ஊற்றுங்கள். ஆற்றுவதற்கு நம்மூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒத்திகையில் இந்த நேரங்களை உங்கள் தண்ணீருக்கும் உங்கள் இலைக்கும் ஒரு முறை சரிபார்த்து, ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

முதலில் நாக்கு

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. தேயிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பால் இல்லாத டீ என்றதுமே எல்லாரும் ‘கசக்குது’ என்பார்கள். பெரும்பாலும் அது கசப்பு இல்லை, துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. தேயிலையை ருசிக்க அதைவிட உதவியான சொல் வேறு கிடையாது.

டீ ஊற்றுவதற்கு முன் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு பாகற்காய், ஒரு துண்டு கொட்டைப்பாக்கு கொடுங்கள். பாகற்காய் நாக்கின் மேல் உட்காரும். பாக்கு அப்படி இல்லை. கன்னத்தின் உள்பக்கம் வறண்டு இழுக்கும், நாக்கு பல்லில் உரசும்போது சொரசொரப்பாக இருக்கும். பாக்கு பிடிக்காதவர்களுக்கு நறுக்கிய வாழைப்பூ கொடுக்கலாம். வித்தியாசம் பிடிபட்டதும் கொஞ்சம் பொரி, ஒரு வாய் தண்ணீர். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு ‘கசக்குது’ என்ற சொல் மேசையில் பாதியாகக் குறைந்துவிடும். ‘துவர்ப்பு கூட, ஆனா கசப்பு இல்ல’ என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது கோப்பையைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

ருசிக்கும் முறை

பெயர் சொல்லாமல் எண் போட்டே கொடுங்கள். ‘டார்ஜிலிங்’ என்று கேட்டதும் நாக்கு அதற்குப் பணிந்துவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு வேலை.

முதலில் காய்ந்த இலை. ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து மேசையைச் சுற்றி அனுப்புங்கள். நிறம், சுருள், வெள்ளி போல மின்னும் மொட்டு முனை இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒருமுறை மூச்சை இலைமேல் விட்டு உடனே மோந்தால், அந்தச் சூட்டுக்கு மணம் எழும்.

அடுத்தது ஊறிய இலை. சாற்றை வடித்ததும் இலையை மூடியின்மேல் கவிழ்த்து, ஆவி பறக்கும்போதே எல்லாரும் மோந்து பார்க்க வேண்டும். மணத்தில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. போன வருடம் இந்த இடத்தில் நடந்ததை மறக்க முடியாது. எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா இருக்கிறார், கூடலூர்ப் பக்கம் தோட்ட லைனில் பிறந்து வளர்ந்தவர், இருபது வருடம் கொழுந்து பறித்தவர். இப்போது இங்கே மில்லுக்குப் போகிறார். ‘நான் டீயப் பத்தி என்னத்தச் சொல்லப் போறேன்’ என்று வரவே தயங்கியவர், மூன்றாம் எண் இலையிலிருந்து ஒன்றை நகத்தால் மெல்லப் பிரித்துத் தட்டில் விரித்தார். இரண்டு இலை, நடுவில் கொழுந்து, காம்போடு முழுசாக. ‘தம்பி, இது கையில எடுத்தது. கத்தரி போட்டிருந்தா இலை குறுக்க வெட்டுப்பட்டிருக்கும்’ என்றார். அப்புறம் ஐந்தாம் எண்ணை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, ‘இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எல்லாம் அரைபட்டுப் போச்சு’ என்றார். நான்கு மேசையும் எழுந்து வந்து அந்தத் தட்டைச் சூழ்ந்துகொண்டது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். வால்பாறையிலோ மாஞ்சோலையிலோ கூடலூரிலோ வேலை செய்துவிட்டு இறங்கி வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தேடிப் போய் அழையுங்கள். பேச்சாளராக மேடை ஏற்ற வேண்டாம், மேசையில் முதல் நாற்காலி கொடுங்கள்.

மூன்றாவது, நிறம். கோப்பையை வெளிச்சத்தில் பார்க்கும்போது ஓரத்தில் தெரியும் வளையத்தைக் கவனியுங்கள். நல்ல நீலகிரி, தேன் நிறத்தில் தெளிவாக நிற்கும்.

நான்காவதுதான் வாய். சூடு கொஞ்சம் தணிந்ததும் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வீட்டில் இப்படிக் குடித்தால் திட்டு விழும், இங்கே இதுதான் முறை. காற்றோடு சேர்ந்து உறிஞ்சினால் சாறு வாய் முழுக்கத் தெறிக்கும், மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். விழுங்க விருப்பமில்லாதவர்களுக்கு மேசைக்கு ஒரு படிக்கம் வையுங்கள். விழுங்கிய பிறகு பத்து விநாடி பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அடிநாக்கில் எது நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சொற்களைச் சேர்ப்பது

ஒரு தாளில் மணம், நிறம், வாய், நின்ற ருசி என்று நான்கு கட்டம் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். மதிப்பெண் கேட்காதீர்கள். ‘எதை ஞாபகப்படுத்துது?’ என்று மட்டும் கேளுங்கள். கேட்டால் வந்து கொட்டும். எங்கள் தாள்களில் வந்தவை: மாம்பூ, வைக்கோல் போர், பச்சைப் பட்டாணி உரித்த கை, கருப்பட்டி, மழைக்கு முந்தைய காற்று, எலுமிச்சைத் தோல், பாட்டியின் டிரங்குப் பெட்டி. பெரிய தேயிலைக் கம்பெனிக்காரர்கள் எழுதும் வர்ணனையைவிட இவை எனக்குத் துல்லியமாகப் படுகின்றன. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் திரும்ப மோந்து பார்க்கட்டும், சரி, தப்பு என்று நடுவில் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஐந்தும் முடிந்த பிறகு எண்களுக்குரிய பெயர்களைச் சொல்லுங்கள்.

கடைசியில் பால் டீ

ருசிப்பு முடிந்ததும் ஐந்தாம் எண் தூளைக் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, நுரைக்க ஆற்றி எல்லாருக்கும் கொடுங்கள். கூடவே ஊட்டி வர்க்கி. ஒரு மணி நேரம் வெறும் சாற்றை ருசித்த நாக்குக்கு அந்த டீ புதிதாக இருக்கும். பாலுக்கு அடியில் தூளின் அழுத்தம் தனியாகத் தெரியும். சிறு பிள்ளைகளுக்கு டீ வேண்டாம், மோந்து பார்த்து ஜோடி சேர்க்கும் விளையாட்டு போதும். ரத்தசோகை இருப்பவர்கள் சாப்பாட்டை ஒட்டி டீ குடித்தால் உணவின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், அவர்களிடம் வர்க்கிக்குப் பிறகு டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆளுக்கு 80 ரூபாய் ஆனது, கொழுந்து பறித்த அனுபவத்துக்காக நாங்கள் அழைத்தவர்களிடம் வாங்குவதில்லை. மீந்த பொட்டலங்களைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், மசாலா அலமாரியிலிருந்து தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரமும் வெங்காய வாசனையும் ஏறிவிடும். ஊறிய இலை கருவேப்பிலைத் தொட்டிக்கு.

அந்த அக்கா பிரித்து விரித்த இலையை மட்டும் யாரும் கொட்டவில்லை. தாளில் ஒட்டிக் காயவைத்திருக்கிறோம். இந்த மாசியில் அதுதான் முதல் மேசையில் இருக்கும்.